ஜசிந்தாவுக்குக் குடுத்த சுவர்

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு ஜசிந்தாவிலை பொறாமை. ஒளிச்சு வைக்க என்ன கிடக்கு? அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்ததெண்டு அம்மிக்குழவியை எடுத்துத் தன்ரை வயித்திலை குத்தினாளாம் ஒருத்தி. முந்தி அவளை விசரி எண்டு நினைச்சனான். இப்ப அவளோடை இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் போலை கிடக்கு.

விசயம் இதுதான். ஜேர்மனியிலை, டுசல்டோர்ஃபிலை எங்கடை கலாச்சார மன்றத்துக்கு ஒரு மண்டபம் இருக்கு. மேடைக்கு எதிர்ப்பக்கம் நீளமா ஒரு வெள்ளைச் சுவர். பதினெட்டு வருசமா மேடைக்குப் பின்னாலை தொங்கின சீலையெல்லாம் கீறினது நான். மயில், தாமரை, பொங்கல் பானை, என்ன கேட்டாலும் இல்லையெண்டு சொன்னதில்லை. விழா முடிஞ்ச கையோடை சீலையைச் சுருட்டிப் படிக்குக் கீழை போட்டிடுவினம். போடட்டும். ஒரு நாளைக்கு அந்த வெள்ளைச் சுவரிலை என்ரை படங்கள் சட்டம் போட்டு ஏறும், கீழை "ஓவியர் கலாதேவி குமாரசாமி" எண்டு எழுதிக் கிடக்கும் எண்டு நான் காத்துக்கொண்டிருந்தனான்.

இந்த வருசம் மன்றம் முதல்முதலா ஓவியக் கண்காட்சி வைக்க முடிவெடுத்தது. செயலாளர் சதீசன் போன் எடுத்தான். சின்னனிலை என்னட்டைத் தமிழ் படிச்ச பெடியன், இப்ப நாற்பது வயது.

"ரீச்சர், சுவரை ஜசிந்தா அன்ரிக்குக் குடுக்கிறம். நீங்கள் அவவின்ரை வாழ்க்கையை ஆண்டு மலருக்கு ரெண்டு மூண்டு பக்கத்திலை எழுதித் தரோணும். உங்களைவிட ஆருக்கு அவவைத் தெரியும்?"

அடுப்பிலை வைச்ச சோறு அடிப்பிடிச்சு மணந்தது. நான் அசையேல்லை. பேந்து "ஓம், எழுதுறன்" எண்டு சொன்னன். ஏன் ஓம் பட்டனான் எண்டால், என்ரை எழுத்தைப் படிக்கிற சனத்துக்கு ஜசிந்தா ஓவியரே இல்லை எண்டு விளங்கோணும், சுவரைக் குடுத்தவை வெக்கப்படோணும். அந்த எண்ணத்தோடைதான் பேனையை எடுத்தனான். சரி, எழுதுறன்.

ஜசிந்தா பாசையூர்க் கடற்கரைப் பிள்ளை. எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடம் நிண்டது. எண்பத்தேழிலை நாங்கள் ரெண்டு குடும்பமும் ஒரே ஹைமிலை இருந்தனாங்கள். ஹைம் எண்டால் அகதி விண்ணப்பம் போட்டவையை வைக்கிற விடுதி. பக்கத்துப் பக்கத்து அறை, நடுவிலை ஒரு குசினி. அந்த நத்தாருக்கு அவளுக்குப் பாலன் பிறப்புக் கீறிக் குடுத்தது ஆர்? நான். அவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி கீறத் தெரியாது. ஒருக்காக் கீறிக் காட்டினாள், கதிரை எண்டு நினைச்சனான். எனக்குக் கோப்பாயிலை படிக்கேக்கை சித்திரத்திலை மூண்டு தரம் முதல் பரிசு. இதை நான் அவளுக்குக் கொஞ்சத் தரமோ சொன்னனான்? சொல்லேக்கையெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேப்பாள். பொறாமையே இல்லாத சென்மம், அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பிள்ளையள் வளர்ந்தாப் பிறகு நான் செத்தவையின்ரை படம் கீறத் தொடங்கினன். எங்கடை ஆக்களிலை ஒருத்தர் மோசம் போனால் முப்பத்தோராம் நாள் வீட்டிலை பெரிய படம் வைக்கோணும். பிள்ளையள் பாஸ்போட்டுப் படத்தைக் கொண்டு வருவினம், நான் அதைப் பாத்துப் பெரிசாக் கீறுவன். கோட்டு இல்லாதவருக்குக் கோட்டுப் போடுவன், மொட்டைக்கு மயிர் வைப்பன், காது மூளியா இருந்த மனிசிக்கு வைரத்தோடு பூட்டுவன். சனம் கையெடுத்துக் கும்பிடும். என்ரை கையாலை கோட்டுப் போடாமல் இந்த ஊரிலை ஒரு தமிழனும் மேலை போனதில்லை.

ஜசிந்தாவுக்கு அப்ப மியூசியத்திலை துப்புரவு வேலை. திங்கக்கிழமை மியூசியம் பூட்டு, அவளும் வாளியும்தான். ஒரு திங்கள் வேலை முடிஞ்சு நேரா என்ரை வீட்டை வந்து செருப்பைக் கழட்டாமல் நிண்டாள்.

"கலாக்கா, அங்கை ஒரு படம் கிடக்கு. நூறு நூற்றிருவது வருசத்துப் படமாம். ஒரு மனிசி உடுப்புக் காயப்போடுறாள், வேறை ஒண்டுமில்லை. கிட்டப் போனால் வெறும் பெயின்ற் கட்டி. தள்ளி வந்தால் ஈர உடுப்பு மணக்குது. உடுப்புக் காயப்போடுறதையும் கீறலாமோ அக்கா?"

"அது இம்பிரஷனிசம்" எண்டு நான் சொன்னன். எனக்குத் தெரியாத விசயமே? வீட்டுக்குள்ளை இருந்து மினைக்கெட்டு மெழுகாமல், வெளியிலை போய், கண்ணிலை பட்ட வெளிச்சத்தைப் பட்ட உடனை சீலையிலை வைக்கிறது. ராசாவும் சாமியும் இல்லாமல் சும்மா சனத்தைக் கீறுறது. இவ்வளவையும் நான்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினனான். என்ரை வாய்தான் எனக்குச் சனி.

அதோடை விட்டனோ? நகரசபை நடத்துற பின்னேர வகுப்பிலை ஓவியம் படிப்பிக்கிறாங்கள் எண்டு கேள்விப்பட்டு நான் பதிஞ்சன். தனியப் போக அந்தரமா இருந்தது, துணைக்கு வா எண்டு அவளையும் பதிஞ்சன். துணைக்கு! முதல் நாள் தாடி வைச்ச வாத்தியார் ஒரு சாடியும் மூண்டு அப்பிளும் வைச்சார். நான் அச்சொட்டாக் கீறினன். அப்பிளிலை வெள்ளைப் பொட்டு, சாடிக்குக் கறுப்பு நிழல், ஒரு பிழை பிடிக்க ஏலாது. வாத்தியார் பாத்துப்போட்டு "வலு ஒழுங்கு" எண்டு சொல்லி அங்காலை போனார். ஜசிந்தாவின்ரை மேசையிலை போய் நிண்டவர் நிண்டவர்தான். அவளின்ரை சாடி வெறிகாரன் மாதிரிச் சரிஞ்சு கிடக்கு. நிழல் ஊதா.

வரேக்கை கேட்டன், "நிழல் ஆருக்கடி ஊதா?"

"யன்னல் வெளிச்சத்திலை ஊதாவாத்தான் கிடந்தது கலாக்கா."

அடுத்த நாள் என்ரை குசினி மேசையிலை ஒரு சாடியை வைச்சுப் பாத்தன். கோதாரி, ஊதாதான். அதுக்குப் பிறகு நான் வகுப்புக்குப் போகேல்லை. தலையிடி எண்டு சொன்னன். அவள் பதின்னாலு வருசம் போனாள்.

பதின்னாலு வருசமும் அவளின்ரை கைப்பையிலை ஒரு சின்னக் கொப்பி, ஒரு பெட்டி வர்ணம், ஒரு யோகட் பேணியிலை தண்ணி. எங்கை நிண்டாலும் கீறுவாள். தொடர்மாடிக்குக் கீழை உடுப்புத் தோய்க்கிற இடத்திலை மெஷினுக்குக் காவல் இருக்கிற மனிசியளைக் கீறினாள். பல் வைத்தியரிட்டைத் தன்ரை முறை வருமட்டும் குந்திக்கொண்டிருந்து கன்னம் வீங்கினவனைக் கீறினாள். ஊன்ட்றொப் எண்ட ஊரிலை இருக்கிற அம்மன் கோயில் தேருக்கு நானும் அவளும் ஒருக்காச் சேர்ந்து போனனாங்கள். வேதக்காரியெண்டாலும் தேருக்கு வருவாள். நான் தேரைக் கீறினன், ஒரு மணியும் தவறவிடேல்லை. அவள் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாய்க்கால் கரையிலை இருந்து, செருப்பைக் கழட்டிப்போட்டுக் கால் உளைவுக்குப் பாதத்தை அமத்திக்கொண்டிருந்த மூண்டு பொம்பிளையளைக் கீறினாள். "ஏனடி, அம்மன் உன்ரை கண்ணிலை படேல்லையோ?" எண்டு கேட்டன். "அம்மனை எல்லாரும் பாக்கினம் அக்கா" எண்டாள். இப்ப என்ரை தேர்ப்படம் கட்டிலுக்குக் கீழை கிடக்கு. அவளின்ரை கால் படத்தை ஒரு ஜேர்மன் டொக்டர் தன்ரை வரவேற்பறையிலை மாட்டியிருக்கிறாராம். வயிறு எரியுமோ எரியாதோ, நீங்களே சொல்லுங்கோ.

ரெண்டு வருசத்துக்கு முன்னம் என்ரை மனிசன் குமாரசாமி போயிட்டார். காலமை சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சவர் நிமிரேல்லை. அவருக்கு முப்பத்தோராம் நாள் படம் வேறை ஆர் கீறுறது? நானே கீறினன். பாஸ்போட்டுப் படத்தைப் பாத்து ரெண்டு கிழமை இருந்து, கோட்டு, ரை, வகிடு எடுத்த தலை எல்லாம் வைச்சன். என்ரை கையிலை வந்ததிலை அதுதான் திறம் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். கீழ்வீட்டு ஃபிரவ் கெஸ்லரும் பூ கொண்டு வந்தவ. இருவத்திரண்டு வருசம் ஒரே படியாலை அவரோடை ஏறி இறங்கின மனிசி. படத்தை வடிவாப் பாத்துப்போட்டு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, "இது அவரின்ரை தமையனோ?" எண்டு.

ஜேர்மன்காரிக்கு எங்கடை முகம் எல்லாம் ஒண்டுதான் எண்டு நான் எனக்கே சொல்லிக்கொண்டன். அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்லை.

இப்ப இந்தக் கண்காட்சிக் கதைக்கு வாறன். எழுதுறதுக்கு வசதியா இருக்கட்டும் எண்டு சதீசன் இருவத்திரண்டு படத்தை வாட்ஸப்பிலை அனுப்பினான். ஒவ்வொண்டாத் தட்டிக்கொண்டு போக, ஒன்பதாவது படத்திலை எங்கடை மன்றத்து ஸ்வர்ணா. விமானநிலையத்திலை தள்ளுவண்டியைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையை இடுப்பிலை குடுத்து நிக்கிறாள். வண்டியிலை வாளி, தும்புத்தடி, நீலத் துணி. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. ஸ்வர்ணா ஊரிலை உள்ள சகோதரங்களுக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறாள் தெரியுமோ? "ஏர்போட்டிலை ஒஃபிசர்." இங்கை எங்களிலை பாதிப்பேர் அப்பிடித்தான். கோப்பை கழுவுறவர் ஊருக்கு மனேச்சர். ஒருத்தரின்ரை வேலையை மற்றவர் ஊருக்குச் சொல்லுறேல்லை, அது எழுதாத சட்டம். ஜசிந்தா அந்தச் சட்டத்தைச் சுவரிலை வைச்சு உடைக்கப் போறாள்.

உடனை அந்தப் படத்தை ஸ்வர்ணாவுக்கு அனுப்பினன். "இதைக் கண்டனீரோ? முந்நூறு சனம் பாக்கப் போகுது. எனக்கெண்டால் மனசு கேக்கேல்லை, அதுதான் சொல்லுறன்" எண்டு குரலிலை தேன் தடவிப் பேசியும் அனுப்பினன். ஸ்வர்ணா துள்ளுவாள், சதீசனோடை சண்டைக்குப் போவாள், கண்காட்சி நிண்டுபோகும் எண்டது என்ரை கணக்கு. நான் செய்தது நாய்வேலை. ஆனால் அண்டைக்கு எனக்கு அது நாய்வேலையாத் தெரியேல்லை.

ஒரு மணித்தியாலம் பொறுத்து ஸ்வர்ணா எடுத்தாள். அழுறாள்.

"கலாக்கா, என்ரை இடுப்பு நோ அப்பிடியே தெரியுது அக்கா. பதினாறு வருசமா அவருக்கும் சொல்லுறன், டொக்டருக்கும் சொல்லுறன், ஒருத்தரும் நம்பேல்லை. இவள் கண்டிருக்கிறாள். நான் இதை அம்மாவுக்கு அனுப்பிப்போட்டன். பாக்கட்டும், மகள் என்ன பாடுபட்டுக் காசு அனுப்பினவள் எண்டு."

நான் போனை வைச்சுப்போட்டு மிளகாய் இடிக்கத் தொடங்கினன். உரலுக்குத்தான் கஷ்டகாலம்.

சனிக்கிழமை திறப்பு. நல்ல பட்டுச்சீலை உடுத்திக்கொண்டு போனன், தோத்தவள் மாதிரிப் போகேலாதெல்லோ. சனமெண்டால் சனம். தங்கடை தங்கடை படத்தைத் தேடித் தேடி நிக்குதுகள். "இது எங்கடை மாடிப்படி", "இது என்ரை குடை" எண்டு ஒரே சத்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாப் பிழை பிடிச்சுக்கொண்டு போனன். இதிலை விரல் நாலுதான் கிடக்கு. அதிலை மூக்கைக் காணேல்லை. இருவத்திரண்டும் முடிஞ்சுது. ஆனால் கடைசியா, உடுப்புக் கொழுவுற இடத்துக்குப் பக்கத்திலை இன்னொண்டு கிடந்தது. சதீசன் அனுப்பாத படம்.

ட்ராம் நிக்கிற இடம். மழை. றோட்டு முழுக்க மஞ்சளும் சாம்பலுமா வெளிச்சம் வழிஞ்சு கிடக்கு. ஒரு மனிசன் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். பார்வை றோட்டுக்கு அங்காலை ஒரு பச்சைக் கதவிலை. இடது தோள் கொஞ்சம் பதிவு. ஒரு கை நீல ஜக்கெற்றுக்குள்ளை. கையிடுக்காலை ஒரு விரலளவு சிவப்பு வெளியிலை தெரியுது.

முகம் இல்லை. எனக்கு என்னத்துக்கு முகம்?

அந்தப் பச்சைக் கதவு நான் சனிக்கிழமையளிலை தமிழ் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின்ரை கதவு. அந்தச் சிவப்பு என்ரை கம்பளிக் கையுறை. நான் ஒவ்வொரு சனியும் கையுறையை வீட்டிலை மறந்துபோட்டுப் போவன். என்னைக் கூட்டிக்கொண்டு போக வரேக்கை அவர் அதைக் கொண்டு வருவார். நான் வெளியிலை வந்து, "என்னப்பா, சங்கிலி அறுத்த கள்ளன் மாதிரி நெஞ்சுக்குள்ளை கையை விட்டுக்கொண்டு நிக்கிறியள், சனம் பாக்குது" எண்டு பேசுவன். அவர் கையுறையை எடுத்துத் தருவார். போட்டால் சூடா இருக்கும். அது ஏன் சூடா இருக்கு எண்டு பத்தொன்பது குளிர்காலம் நான் யோசிச்சதே இல்லை.

எனக்கு வந்தது அழுகை இல்லை, விசர். சனத்தை விலத்திக்கொண்டு போய் ஜசிந்தாவின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன்.

"ஆரைக் கேட்டு என்ரை மனிசனைக் கீறினனீ? எப்ப பாத்தனீ அவரை இவ்வளவு வடிவா?"

"சனிக்கிழமை பல் வைத்தியரின்ரை கிளினிக்கைக் கூட்டித் துடைச்சுப்போட்டு, ட்ராம் நிக்கிற இடத்துப் பேக்கரியிலை கோப்பி குடிச்சுக்கொண்டு கீறுறனான் கலாக்கா. அண்ணை அதிலை நிப்பார். வகுப்பு ஒரு மணிக்குத்தானே முடியும்? அவர் பன்னிரண்டரைக்கே வந்திடுவார்."

"பொய். கேக்கேக்கையெல்லாம் இப்பத்தான் வந்தனான் எண்டு சொன்னவர்."

நான் பிள்ளையளின்ரை தாய் தேப்பனுகளோடை கதைச்சு, கொப்பி திருத்தி, ஆறுதலா ஒண்டரைக்குத்தான் வெளியிலை வாறனான். அரையும் அரையும் ஒரு மணித்தியாலம். மழையிலை.

"படம் உங்களுக்குத்தான் அக்கா. அதுதான் சதீசனுக்கு அனுப்பேல்லை. இண்டைக்குக் கொண்டு போங்கோ."

"உன்ரை பிச்சை எனக்கு வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டுச் சால்வையைக் கூட எடுக்காமல் வந்திட்டன். முந்நூறு சனத்துக்கு முன்னாலை, அவளின்ரை நாளிலை, அவளின்ரை சுவருக்குக் கீழை சொன்னன். எழுதி வைக்கிறன், மறைக்கேல்லை.

வீட்டை வந்து கோட்டுப் படத்தை ஆணியிலை இருந்து கழட்டி மேசையிலை வைச்சன். வர்ணத்தைக் குழைச்சன். கோட்டை அழிச்சு அந்த நீல ஜக்கெற்றைப் போடுவம், கையை உள்ளுக்கு விடுவம், என்னாலை ஏலாததே எண்டு ஒரு வீம்பு. ஜக்கெற்று வந்தது. கை வந்தது. சிவப்பும் வந்தது. முகத்துக்கு வர, பிரஷ் நிண்டிட்டுது. பாஸ்போட்டுக்குக் குடுத்த முகம் எனக்குத் தெரியும். நான் கதவாலை வந்தாப் பிறகு சிரிக்கிற முகம் தெரியும். காத்துக்கொண்டு நிக்கிற முகம்? நான் வந்த உடனை அந்த முகம் முடிஞ்சு போயிடுமே. முப்பத்தொன்பது வருசம் குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாது. அந்தப் பேக்கரியிலை குந்தியிருந்தவளுக்குத் தெரியும்.

நான் ஆரிட்டையும் கெஞ்சுறவள் இல்லை. போனை எடுத்தன்.

"ஜசிந்தா."

"ஓம் கலாக்கா."

"நான் வாறதுக்கு முன்னம் அவரின்ரை முகம் எப்பிடி இருக்கும்?"

பின்னாலை கண்காட்சிச் சனத்தின்ரை சத்தம் கேட்டது.

"ஏழு தரம் கீறிப் பாத்தன் அக்கா, எனக்குப் பிடிபடேல்லை. அதுதான் முதுகைக் கீறினனான். அந்தக் கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் அண்ணை நிமிர்ந்து பாப்பார். வேறை ஆரும் வந்தால் திரும்பக் குனிஞ்சிடுவார்."

"ஒவ்வொரு தரமுமோ?"

"ஒவ்வொரு தரமும்."

சதீசன், நீ கேட்ட ஜசிந்தாவின்ரை வாழ்க்கை இவ்வளவுதான். பாசையூரிலை பிறந்தவள், கூட்டித் துடைச்சுப் பிழைச்சவள், சனத்தைப் பாத்தவள். ஒரு எழுத்தும் வெட்டாமல் மலரிலை போடு. கண்காட்சி முடியுமட்டும் அந்தப் படம் மன்றத்துச் சுவரிலை இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். முடிஞ்ச அண்டைக்கு நான் வந்து கொண்டு போவன். என்ரை வீட்டுச் சுவரிலை ஆணி வெறுமையாத்தான் கிடக்கு.

பொறாமை போயிட்டுதோ எண்டு கேக்காதை. போகேல்லை, கூடிப்போச்சு. முந்தி அவளின்ரை கையிலைதான் பொறாமை. இப்ப அவளின்ரை கண்ணிலை. அவர் எனக்காகக் காத்து நிண்ட முகத்தை அவள் கண்டவள், நான் காணேல்லை.